இலேசான படகு எத்தனை நாள் உழைக்கும்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தமிழ்மொழி உலகிற்கு வழங்கிய சொற்களுள் 'கட்டுமரம்' என்பதும் ஒன்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அது 'கட்டமரான்' என்று திரிந்து வழங்குகிறது. ஆனால் மேலைநாட்டார் இன்று அச்சொல்லால் குறிப்பது இரட்டை உடல் கொண்ட ஒருவகைப் படகினை. நம் கடற்கரையிலோ சொல் இருக்கிறது. பொருள்தான் அருகி வருகிறது. வீராம்பட்டினத்திலிருந்து தெற்கே நல்லவாடு, நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் வரை மணலில் நடந்து சென்றால் வரிசையாக நம் கண்ணில் படுபவை கண்ணாடியிழைப் படகுகளே. மீனவ மக்கள் வாக்கில் அவை 'பைபர் போட்டு'. அப்படகுகள் எவ்வளவு காலம் உழைக்கும், எதனால் கெடும் என்பதை ஓர் இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரியூர்க்காரனுக்குக் கடற்படகைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் கரும்பும் நெல்லும் உண்டு, கடல் இல்லை. என் தாய்மாமன் பிழைப்புக்காகக் கடற்கரைப் பக்கம் சென்று, ஒரு படகுப் பட்டறையில் ரெசின் பூசும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதல்வன். ஆகவே அவர் கையால் செய்வதற்கெல்லாம் நான் காரணம் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். சொல்ல முயன்றதன் விளைவே இக்கட்டுரை எனலாம்.

நுரைநீரும் அலைவாயும்

மேலைநாடுகளில் கேனூ என்றொரு படகு உண்டு. ஒடுங்கிய நீண்ட உடல், துடுப்பினால் செலுத்துவது, ஓரிருவர் தலைமேல் தூக்கிச் செல்லத்தக்க எடை. மலையாறுகளில் பாறைகளுக்கிடையே நீர் வெள்ளையாய் நுரைத்துப் பாயும் இடங்களில் இப்படகைச் செலுத்துவது அங்கே ஒரு பெரும் விளையாட்டு. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தின்மேல் பூர்ச்ச மரப்பட்டையைப் போர்த்தி இதனைச் செய்தனர். நம் ஒகேனக்கல் பரிசலும் இவ்வகைச் சிந்தனையே. மூங்கில் பிளாச்சுகளால் கூடை பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்துகிறார்கள். உருவம் வட்டம், கருத்து ஒன்றே. வலிமைக்கு ஓர் எலும்புக்கூடு, நீர் புகாமைக்கு ஒரு தோல்.

புதுவைப் பகுதியில் நுரைத்துப் பாயும் மலையாறு இல்லை. சங்கராபரணியில் பாதி ஆண்டு மணல்தான் ஓடுகிறது. ஆனால் நமக்கும் ஒரு நுரைநீர் உண்டு. அலை உடையும் இடமே அது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை நிலைகுலைந்து உடைகிறது. ஒரு மீட்டர் உயர அலையானால், இடுப்பு ஆழத்துக்குச் சற்று மேலே உடையும். நம் மீனவர் ஒவ்வொரு நாளும் இருமுறை இந்த நுரைநீரைக் கடக்கின்றனர். அலையிலிருந்து பள்ளத்தில் படகின் முன்பகுதி ஒரு மீட்டர் விழுந்தால், அது நீரைத் தொடும் வேகம் வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர். ஐந்து மீட்டர் வேகத்தில் வரும் கடல்நீர் நிறுத்தப்படும்போது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1.3 டன் எடைக்குச் சமமான அழுத்தம் ஏற்படுகிறது என்று நம் பாடப்புத்தகத்துச் சூத்திரமே சொல்லும். தட்டையான அடிப்பகுதி நீரில் அறையும் கணத்தில் அழுத்தம் இதனினும் மிகும்.

மலையாற்றுக் கேனூவுக்கும் நம் படகுக்கும் பொதுவானவை மூன்று: நுரைநீரில் அறை வாங்குவது, அடியில் கடினமான தரையில் மோதுவது, மனிதர் கையால் இழுக்கவோ தூக்கவோ படுவது. ஆதலால் இலேசாகவும் இருக்க வேண்டும். உறுதியாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

எடையைக் குறைத்தால் மோதல் குறையுமா?

இலேசான படகு பாறையில் மெதுவாகத்தான் மோதும், ஆகவே அதற்குச் சேதமும் குறைவு என்று சிலர் வாதிடுவர். முதலில் நானும் இவ்வாதம் சரியென்றே நினைக்கத் தலைப்பட்டேன். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கேனூ 30 கிலோ. அதில் இருவர் சேர்ந்து 140 கிலோ. மொத்தம் 170 கிலோ. விலையுயர்ந்த இலேசான பொருளால் அதே கேனூவை 20 கிலோவில் செய்துவிட்டோம் என்று கொள்வோம். மொத்தம் 160 கிலோ. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினால் இயக்க ஆற்றல் முன்னதில் 765 ஜூல். பின்னதில் 720 ஜூல். குறைந்தது நூற்றுக்கு ஆறு பங்கே. ஆனால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டிய பொருளின் அளவோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! மோதுவது படகு மட்டுமன்று. படகில் உள்ள சுமை முழுவதும் மோதுகிறது. நம் படகிலும் எஞ்சினும் வலையும் மீனும் நான்கைந்து ஆட்களும் இருக்கின்றனர். உடலை மெல்லியதாக்கி மிச்சப்படுத்தும் எடை, கரையில் இழுப்பதற்கு உதவலாம், மோதலில் உதவாது.

பின் எதுதான் உதவும்? வளைந்து கொடுப்பது உதவும். சுமையுடன் ஒரு டன் எடையுள்ள படகு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கல்லில் மோதுகிறது என்போம். ஆற்றல் 2000 ஜூல். படகு 2 செ.மீ. மட்டுமே அமுங்கி நின்றால், சராசரி விசை ஒரு லட்சம் நியூட்டன், அதாவது பத்து டன் எடைக்குச் சமம். 20 செ.மீ. வளைந்து நின்றால், விசை பத்தில் ஒரு பங்காகி ஒரு டன்னாகிறது.

இந்த உண்மையை நம் முன்னோர் சூத்திரமின்றி அறிந்திருந்தனர். துறைமுகம் இல்லாத சென்னையிலும் புதுச்சேரியிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்குமிடையே ஆட்களையும் சரக்கையும் கொண்டு சென்றது மசூலாப் படகு. புதுச்சேரியில் சலங்கு என்றனர். அதில் ஆணி கிடையாது. விலாச்சட்டமும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது உடல் முழுவதும் நெளியும். ஐரோப்பியரின் விறைத்த படகுகள் உடைந்து போன இடத்தில் இந்தத் தைத்த படகு பிழைத்தது. கயிறு இற்றால் அவிழ்த்து மறுபடி தைப்பார்கள். அதற்குப் பட்டறை வேண்டியதில்லை.

கட்டுமரம் இதற்கும் ஒரு படி மேலே. நீரைவிட இலேசான மென்மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது அது. அதற்கு உள் என்பதே இல்லை. ஆகவே ஓட்டை விழ இடமில்லை. நீர் மேலே ஏறும், மறுபுறம் இறங்கும். நாளடைவில் மரம் நீர் குடித்துக் கனக்கும். அப்போது கட்டை அவிழ்த்து மணலில் காயவைப்பர். கவிழ்ந்தாலும் மிதக்கும். இந்தக் கடைசிக் குணத்தை நாம் நினைவில் கொள்வோம்.

மேலைநாட்டார் மாற்றிய பொருள்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், போர் விமானங்கள் செய்துவந்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் அலுமினியக் கேனூ செய்யத் தொடங்கியது. பாறையில் மோதினால் சொட்டை விழும். மர உருளையால் தட்டி நிமிர்த்திக் கொள்வார்கள். பின்னர் கண்ணாடியிழை வந்தது. 1965-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற அம்மையார் கண்ட இழையிலிருந்து கெவ்லார் பிறந்தது. குண்டு துளைக்காத உடைகளுக்குப் பயன்படும் இழை இது. இழுத்தால் அறாது; எடையோ கண்ணாடியிழையைவிட மிகக் குறைவு. இதனைக் கொண்டு இலேசான கேனூக்கள் செய்தனர். எனினும் குறைகள் உண்டு. அமுக்கு விசைக்கு அது வலுவற்றது. பாறையில் உராய்ந்தால் கண்ணாடியிழை தேய்ந்து வழவழப்பாகும். கெவ்லாரோ பஞ்சுபோல் பிரிந்து நிற்கும்.

மலையாற்று வீரர்கள் மிகவும் விரும்பியது ராயலெக்ஸ் என்ற பொருளை. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே நுரைப்பொருள், மேலே வினைல். பாறையைச் சுற்றி மடங்கிய கேனூவைக்கூட வெளியே இழுத்து நிமிர்த்திச் சூடு காட்டினால் பெரும்பாலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும் என்பர். 2014-இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. நல்ல பொருள் என்பது மட்டும் ஒரு பொருளைக் காப்பாற்றுவதில்லை போலும்.

இவற்றுள் நம் கரைக்கு வந்து நிலைத்தது கண்ணாடியிழை ஒன்றே. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 1980-களில் அலைவாயைக் கடந்து மணலில் ஏறத்தக்க படகுகளைக் கட்டிச் சோதித்தது. பின்னர் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கரையோரமெங்கும் கலங்களை அழித்தது. உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைக் குவித்தன. புதிய பட்டறைகள் முளைத்தன. அவசரத்தில் கட்டப்பட்ட படகுகளின் தரம் குறித்து முறையீடுகளும் எழுந்தன.

பட்டறையில் நடப்பது

மெழுகு தேய்த்த அச்சின்மேல் முதலில் ஜெல்கோட் என்ற வண்ணப்பூச்சு. அது காய்ந்ததும் 'மேட்' எனப்படும் கண்ணாடியிழை விரிப்பு. அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினைத் தூரிகையால் ஊற்றித் தடவி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். இப்படிப் பல அடுக்குகள். ரெசின் இறுகுவதற்குக் கோபால்ட் உப்பு ஒன்றும் பெராக்சைடு ஒன்றும் சேர்க்கிறார்கள். இவ்விரண்டையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இதை மாமா எனக்குச் சொல்லித் தந்தார், பாடப்புத்தகத்தில் இல்லை.

அங்கே நிற்பதே கடினம். ஸ்டைரீன் நெடி கண்ணில் நீர் வரவழைக்கும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் துகள் கழுத்திலும் முழங்கையிலும் ஏறி இரவெல்லாம் அரிக்கும். மாமா முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்கிறார். அவ்வளவே அவருக்குப் பாதுகாப்பு. படகு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்கும் நாம், அதைச் செய்பவன் நுரையீரல் எத்தனை ஆண்டு உழைக்கும் என்றும் கேட்கலாம்.

கண்ணாடியிழைப் பொருளின் வலிமை இழையில் இருக்கிறது, ரெசினில் இல்லை. ரெசின் இழைகளைப் பிணைத்து, விசையை ஓரிழையிலிருந்து மற்றோரிழைக்குக் கடத்துகிறது. மேட் மட்டும் வைத்துக் கையால் செய்யும் படகில் எடையில் மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி இருந்தால் நல்ல வேலை. ஆனால் விலை பேசும்போது என்ன நடக்கிறது? வாங்குபவர் பேரம் பேசுவார். விலை இறங்கும். விலையோடு ஓர் அடுக்கு மேட்டும் இறங்கும். சில இடங்களில் ரெசினில் சாக்குப் பொடி கலப்பதும் உண்டு. விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆறு மில்லிமீட்டர் ஐந்தாகக் குறைந்தால் விறைப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் குறைந்துவிடுகிறது. பொருளில் குறைந்ததோ ஆறில் ஒரு பங்கே. இவை அனைத்தையும் பளபளக்கும் ஜெல்கோட் மறைத்துவிடும். கடன் வாங்கிப் படகு எடுக்கும் ஒருவர் தம் கண்ணால் எதையும் அறிய இயலாது. மரப்படகில் பலகையின் கனத்தை விரலால் அளந்த காலம் போயிற்று.

கெடுவது எங்கே?

"மாப்ள, படகு கடல்ல உடையறதில்ல. கரையிலதான் உடையுது" என்பார் மாமா. இதில் பெரும் உண்மை உண்டு.

படகை இழுவை இயந்திரம் கொண்டு மணலில் இழுக்கிறார்கள். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்சு. மோ கடினத்தன்மை அளவில் குவார்ட்சு 7. கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. ஜெல்கோட் இவ்விரண்டினும் மிக மென்மை. அப்படியானால் ஒவ்வொரு நாளும் உப்புத்தாளின் மேல் படகைத் தேய்க்கிறோம் என்பதே பொருள். அடிப்பகுதியின் நடுவரைதான் முதலில் தேயும். ஜெல்கோட் போனபின் இழைகளின் நுனிகள் வெளிப்படுகின்றன. இழையோரமாக நீர் நுண்புழை ஏற்றத்தால் உள்ளே செல்கிறது.

ஜெல்கோட் முழுமையாக இருந்தாலும் நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவவே செய்யும். உள்ளே ரெசினில் எஞ்சியிருக்கும் கரையும் பொருள்களோடு சேர்ந்து அடர்கரைசலாகும். பின்னர் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுக்கும். அழுத்தம் மிகுந்து கொப்புளம் எழும். குத்தினால் புளிக்காடி போல் நாறும் நீர் வரும். ஐசோப்தாலிக் வகை ரெசின் இதனை நன்றாகத் தாங்கும்; மலிவான ஆர்த்தோப்தாலிக் வகை அவ்வளவு தாங்காது. நம் படகுகள் நாளின் பெரும்பகுதி கரையில் உலர்வதால், எப்போதும் நீரில் கிடக்கும் உல்லாசப் படகுகளைவிட இந்நோய் நமக்குக் குறைவு. வெயிலோ நமக்கு அதிகம். புற ஊதாக்கதிர் பட்டுப்பட்டு மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளுத்து உதிர்கிறது. ஒரு கீற்றுக் கொட்டகை படகின் ஆயுளைக் கூட்டும். ஆனால் கொட்டகை போடக் கரை வேண்டுமே!

அதைப்பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அந்நகர்வு தடைபட்டது. வடக்கே நகரின் மணற்கரை அரித்துப்போய், கருங்கற்கள் கொட்டப்பட்டன. மணலில் ஏறுவதற்காக அமைந்த படகு கற்களுக்கிடையே வந்து நிற்க நேர்ந்தது. மலையாற்றுக் கேனூவின் பாறை நம் கரைக்கு இப்படி வந்து சேர்ந்தது!

மற்றொரு மறைவான கேடு பின்பலகை. எஞ்சினைத் தாங்குவதற்காகக் கண்ணாடியிழைக்குள் ஒட்டுப்பலகையை வைத்து மூடுகிறார்கள். போல்ட்டுக்கு இட்ட துளையின் உட்சுவரில் ரெசின் பூசாமல் விட்டால், நீர் அவ்வழியே புகுந்து பலகை உள்ளேயே மக்கிப்போகும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். எஞ்சினின் அதிர்வில் ஒருநாள் கழன்று வரும். அந்நாள் கடலில் இருக்கும் நாளாகவும் அமையலாம்.

மிதத்தல்

உடைந்த கண்ணாடியிழைத் துண்டு ஒன்றை வாளி நீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கும். அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கட்டுமரம் நொறுங்கினாலும் ஒவ்வொரு கட்டையும் ஒருவரைத் தாங்கும். கண்ணாடியிழைப் படகு நீர் நிறைந்தால், அதன் உள்ளே அடைத்த நுரைப்பொருளும் காற்றறையும் மட்டுமே தாங்கும். அங்கே பாலியூரிதேன் நுரையை அடைக்க வேண்டும். மலிவென்று தெர்மோகோலை வைத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசினால், ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி ஸ்டைரீனைத் தெர்மோகோல் மேல் விட்டுப் பார்த்தவர்க்கு விளக்கம் தேவையில்லை. வெளியே பெட்டி போலிருக்கும். உள்ளே நம்பிய அளவு நுரை இராது.

ஒட்டும் முறை

பழுது பார்ப்பதில்தான் கண்ணாடியிழைக்கும் பழைய மரத்துக்கும் வேற்றுமை தெரிகிறது. இறுகிய பாலியெஸ்டரோடு புதிய பாலியெஸ்டர் வேதிமுறையில் நன்கு பிணைவதில்லை. சொரசொரப்பைப் பற்றியே நிற்கிறது. ஆகவே விரிசலின் மேல் ஒட்டுப்போட்டால் போதாது. கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு நாற்புறமும் சரிவாகத் தேய்த்து, நன்னீரால் உப்பைக் கழுவி, நன்கு உலரவிட்டு, அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். எப்பாக்சி ரெசின் இதற்கு மேலானது; விலை மிகுதி. மறுநாள் கடலுக்குப் போக வேண்டியவரிடம் மூன்று நாள் உலரட்டும் என்றால் என்ன சொல்வார்? ஈரத்தின் மேலேயே ஒட்டுகிறார்கள். அது உரிந்து வருகிறது. இதில் நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன். கரைக்கு ஒரு மாற்றுப் படகு இருந்தால், ஒட்டுகள் நிலைக்கும் என்பதே என் எண்ணம்.

வாங்குபவர் செய்யத்தக்க சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவது, ஒரு நாணயத்தால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே செல்வது. நல்ல இடத்தில் ஓசை கணீரென்றிருக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாகும். நடுவரை, பின்பலகையின் மூலைகள், இருக்கைகள் உடலோடு சேரும் இடங்கள் ஆகியவற்றைத் தவறாமல் தட்ட வேண்டும்.

இரண்டாவது, நம் வேதியியல் துறையில் செய்யக்கூடியது. புதுப்படகில் நீர் வடிக்கும் துளை இடும்போது ஒரு வட்டத் துண்டு வெட்டுண்டு விழும். அதைக் குப்பையில் எறிவார்கள். அதைக் கேட்டு வாங்கி, எடைபோட்டு, மின்உலையில் சுமார் 600 டிகிரி செல்சியசில் வைத்தால் ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி எஞ்சும். பத்து கிராம் துண்டில் மூன்று கிராமுக்கு மேல் எஞ்சினால் மகிழலாம். எஞ்சியது இழையாக இன்றிப் பொடியாக இருந்தால், அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் அது கால்சியம் கார்பனேட். அதாவது கண்ணாடியின் விலையில் விற்ற சுண்ணாம்பு. அந்தச் சூட்டில் அது சிதைவதில்லை ஆதலால் தப்பாமல் அகப்படும்.

உலையைப் பயன்படுத்த நம் வேதியியல் பேராசிரியர் இசைவு தந்துள்ளார். வெவ்வேறு படகுகளின் துண்டுகளை மாமா ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எது எந்தப் பட்டறையின் துண்டு என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.